இசேயின் இருபது ஆண்டுக் கெடு

ஜப்பானின் மியே மாகாணத்தில் இருக்கும் இசே பெருங்கோவிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு புதிதாகக் கட்டுகிறார்கள். கருவறைக்குப் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு மனை காலியாகக் கிடக்கும். அதில் புதுக்கோவில் எழுந்ததும், இரவில் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்துவிட்டுப் பழையதைப் பிரிக்கிறார்கள். ஷிகினென் செங்கூ என்கிற இந்த வழக்கம் கி.பி. 690-இல் தொடங்கியது. 2013-இல் நடந்தது 62-ஆவது.

690-இலிருந்து இருபது இருபதாகக் கூட்டிக்கொண்டே போனால் 62-ஆவது முறை 1910-இலேயே வந்திருக்க வேண்டும். கணக்கு நூறாண்டுக்கு மேல் உதைக்கிறது. உள்நாட்டுப் போர்களின் காலத்தில் இசேயின் இரு முதன்மைக் கோவில்களில் வெளிக்கோவிலில் 1434 முதல் 1563 வரையும், உட்கோவிலில் 1462 முதல் 1585 வரையும் இந்தச் சடங்கு நின்றே போயிருந்தது. கெய்கோயின் மடத்துப் பெண் துறவிகள் நிதி திரட்டித்தான் அதற்கு மறுபடி உயிர் வந்தது. அப்போது உளி பிடித்த தச்சர்களில் ஒருவர்கூட முந்தைய செங்கூவைப் பார்த்திருக்க வழியில்லை. 1,300 ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறி அப்படியே வந்த வடிவம் என்ற பெருமைப் பேச்சை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். உலோக அணிகள் உட்படப் பல நுணுக்கங்கள் பின்னால் சேர்ந்தவை என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுவதில் வியப்பில்லை.

ஆனாலும் இந்த வழக்கத்தின் பலம் பழமையில் இல்லை, கெடுவில் இருக்கிறது என்பேன். அடிக்கல் இல்லாமல் நேரே மண்ணில் நட்ட தூண்கள், புல் வேய்ந்த கூரை என்றால் சீக்கிரம் மக்கும். நிலைத்து நிற்கும்படி கட்டத் தெரியாமல் இப்படிச் செய்யவில்லை. கல்மேல் தூண் நிறுத்திய நாராவின் ஹோர்யூஜி கோவில் ஏழாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறதே! இசேயில் மக்கும் முறையை விடாமல் வைத்திருக்கிறார்கள், அதனால் தச்சருக்கு வேலை ஓய்வதில்லை. இளைஞனாக ஒரு செங்கூவில் எடுபிடி வேலை செய்பவர் அடுத்ததில் பொறுப்பேற்கலாம், மூன்றாவதில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

கெடு காட்டையும் இழுத்து வருகிறது. ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்துக்கு மேல் ஹினோகி மரங்கள் வேண்டும். சொந்தக் காடு எப்போதோ தீர்ந்து, கீசோ மலைகளை நம்பும் நிலை வந்தது. 1923-இல் இருநூறு ஆண்டுத் திட்டம் போட்டு இசேயிலேயே நடத் தொடங்கினார்கள். 2013-இல் ஏறத்தாழக் கால் பங்கு மரம் அங்கிருந்தே கிடைத்தது. எந்த அரசு இருநூறு ஆண்டுக்குத் திட்டம் போடும்?

கெடுவால் முடியாததும் உண்டு. வாள், நெசவு, அரக்குப் பூச்சுப் பொருள்கள் என்று 714 வகையில் 1,576 திருப்பொருள்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன. அவற்றில் ஒரு வாளின் பிடிக்கு டோக்கி என்னும் கொண்டை அரிவாள்மூக்கனின் இறகு வேண்டும். ஜப்பானின் பூர்விக டோக்கிகளில் கடைசியானது 2003-இல் செத்தது. சீனாவிலிருந்து வந்த பறவைகளைக் கொண்டுதான் அந்த இனத்தை அங்கே மறுபடி பெருக்கினார்கள். கைவினைஞர் நிலையும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. கோவில் தரும் வேலை இருபது ஆண்டுக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட காலத்தில் அரக்கையும் கைநெசவையும் வாங்க ஊரில் ஆள் இல்லையென்றால் அந்தக் கை எதைக்கொண்டு பழகும்?

செலவும் சிறிதல்ல. 2013-இல் சுமார் 5,500 கோடி யென் ஆனது. 1945-க்குப் பிறகு அரசுப் பணம் இதற்குக் கிடையாது. 1949-இல் நடக்க வேண்டியது 1953-க்குத் தள்ளிப்போய் நன்கொடையில்தான் நடந்தது. மரம் வீண் என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரித்த மரம் நாட்டின் வேறு கோவில்களுக்குப் போகிறது.

எனக்கு உறுத்துவது மறைப்பு. நான்கு சுற்று வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பக்தருக்குத் தெரிவது கூரைதான். அச்சு அசலாக அதே கோவில் என்பதை வெளியார் யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. திருப்பொருள்கள் விஷயத்தில் கோவிலே மரபை மீறியிருக்கிறது. பழையவற்றை எரிப்பதும் புதைப்பதுமாக இருந்த வழக்கத்தை மெய்ஜி காலத்தில் கைவிட்டார்கள். இன்று அவற்றில் சிலவற்றைக் கோவிலின் அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம், அடுத்த முறை செய்பவருக்கும் மாதிரி கையில் இருக்கிறது. 2033-க்கான சடங்குகள் 2025-இல் தொடங்கிவிட்டன. பிரிக்கப்போகும் கட்டடத்தின் ஒவ்வொரு மூட்டையும் அளந்து, அந்தப் பதிவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட எட்டு ஆண்டு தாராளம்.