தேசிங்குராஜன் கதை: செஞ்சியின் பாடலும் வரலாறும்

தேசிங்குராஜன் கதை செஞ்சிக்கோட்டையைக் களமாகக் கொண்ட தமிழ்க் கதைப்பாடல். 1714 அக்டோபரில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையுடன் போரிட்டு மாண்ட தேஜ் சிங் என்ற ராஜபுத்திர இளைஞனைப் பற்றியது. பெரிய எழுத்துப் பதிப்பாக அச்சாகியும் தெருக்கூத்தாக ஆடப்பட்டும் பரவியது. செஞ்சியில் நாயக்கர்கள் நெடுங்காலம் ஆண்டனர். 1677-ல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றினார். ஆனால் ஊரின் அரசனாக மக்கள் நினைவில் நிற்பவன், சில மாதங்கள் மட்டுமே கோட்டையை வைத்திருந்த தேசிங்குதான். இந்த விசித்திரத்துக்கு முதற்காரணம் இப்பாடல்.

வரலாற்றுப் பின்னணி

1690 முதல் எட்டாண்டுகள் முற்றுகையிட்டு, 1698-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். கோட்டைக்குள் இருந்த சிவாஜியின் மகன் ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார். பின்னர் புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங் கில்லேதாராக அமர்த்தப்பட்டார். 1714-ல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றான். தந்தைக்கு அவுரங்கசீப் அளித்த உரிமை தனக்கும் உண்டு என்பது அவன் வாதம். உரிமையைப் புதுப்பிக்க வேண்டும், நிலுவைத் தொகையைக் கட்ட வேண்டும் என்றது நவாப் தரப்பு. ஆவணங்களில் தெரிவது இவ்வளவுதான். முகலாய அமைப்புக்குள்ளேயே எழுந்த ஒரு வருவாய்ப் பூசல் இது.

பாடல் இந்தப் பூசலை எப்படி மாற்றுகிறது

பாடலில் நிலுவைக் கணக்கு பின்னுக்குப் போய்விடுகிறது. டில்லியில் யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையை அடக்கித் தந்தையைச் சிறைமீட்கும் சிறுவனாகத் தேசிங்கு அறிமுகமாகிறான். ராணிபாயை மணக்கிறான். போருக்குப் புறப்படும்முன் சிங்கவரம் அரங்கநாதரிடம் விடை கேட்கிறான். தெய்வம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவன் கேட்கவில்லை. மனைவியிடம் திரைக்குப் பின்னிருந்தபடியே விடைபெறுகிறான். திருமணக்கோலத்தில் இருக்கும் நண்பன் மோவுத்துக்காரன் (மகபத் கான்) ஓலை கண்டதும் மணவறையிலிருந்து எழுந்து வருகிறான். நண்பன் களத்தில் விழுந்த பிறகு தேசிங்கும் மாள்கிறான்; ராணி தீப்பாய்கிறாள்.

குதிரையை அடக்கும் முற்பகுதி நாட்டார் கதைகளில் எங்கும் காணக்கூடிய வார்ப்புதான். அதை எந்த வீரனின் பெயரிலும் பாடலாம். சிங்கவரம் காட்சியோ இந்த மண்ணுக்கே உரியது. குன்றைக் குடைந்த அந்தப் பழைய கோயிலில் படுத்திருக்கும் பெருமாளின் தலைச்சாய்வைக் கதை தனக்குச் சான்றாக்கிக்கொள்கிறது. அதனால் கேட்பவர் நேரில் போய்ப் பார்த்து 'ஆம், திரும்பித்தான் இருக்கிறது' என்று சொல்ல முடிகிறது. செட்டிக்குளக் கரையில் தேசிங்கு எரியூட்டப்பட்டதாகக் காட்டப்படும் மேடையும் இவ்வகைச் சான்றே.

மதிப்பீடு

பாடலின் உயிர் மோவுத்துக்காரனிடம் இருக்கிறது. இதை இந்து அரசனுக்கும் முஸ்லிம் நவாபுக்குமான மதப்போராகப் படிப்பவர்கள் இவனை என்ன செய்வதென்று தெரியாமல் திணறுவார்கள். வரி மறுத்த வீரன் என்பதால் கட்டபொம்மனுக்கு முன்னோடியாக்குவதும் முழுதாகப் பொருந்துவதில்லை. 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. தேஜ் சிங்கை எதிர்த்ததோ, அவன் தந்தை பணிசெய்த அதே பேரரசின் அதிகாரி. தேஜ் சிங்கே புந்தேலர் குடியைச் சேர்ந்தவன். அந்த வடநாட்டானைத் தமிழ்ப் பாடகர்கள் தம்மவனாக்கிக்கொண்டார்கள். மண்ணோ மொழியோ அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. தோற்பது உறுதி என்று தெரிந்தும் புறப்படுகிறான்; கூடவே ஒருவன் வருகிறான். பாடலுக்கு இது போதுமாக இருந்தது.

குறைகளும் உண்டு. ராணிபாய்க்குத் திரையும் சிதையும் தவிர வேறு இடமில்லை. நவாபின் நியாயம் ஒருவரியிலும் எழுவதில்லை. அதற்கு வேறு நூல்களிடம்தான் போகவேண்டும். நவாபின் தரப்பை ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் எழுதிய சையித் நாமா சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் ஆட்சி மாற்றங்களை உரைநடையில் தருகிறது. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது (1943) அதைப் பயன்படுத்தினார். வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 2001-ல் வெளியிட்ட நூலில் இதுபோன்ற பாடல்களையும் வரலாற்றெழுத்தின் ஒரு வகையாகக் கொள்ளலாம் என்றனர். தேசிங்கு அவர்களின் முக்கியமான எடுத்துக்காட்டு. இக்கருத்தைப் பாதிதான் ஏற்கமுடியும். களம், ஆட்கள், தோல்வி ஆகியவற்றில் பாடல் நம்பத்தக்கது. ஆனால் பூசலின் காரணத்தை அது வேண்டுமென்றே மறக்கிறது. மறந்ததால்தான் அது பாடலாக நின்றது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. அந்தத் தலைப்புக்குள் தேசிங்குக்கு இடமில்லை. மராட்டியர் வெளியேறிய பின் வந்தவன் அவன். ஆகவே பட்டியலின் வழியாகச் செஞ்சியை அறியவரும் மாணவர், பாடலின் வழியாக அறிந்தவருக்கு முற்றிலும் வேறான ஓர் ஊரைக் காண்பார்.

1960-ல் வந்த ராஜா தேசிங்கு திரைப்படத்தில் எம்.ஜி.ஆர் இரு வேடங்களில் நடித்தார். இரட்டை வேடம் அக்கால ரசிகர்களுக்கு விருந்துதான்.