கைலாசமும் ஸ்ரீராம்புரமும்: இடஒதுக்கீடு, இருமொழி மரபு, நகைச்சுவை எழுத்து

1. முன்னுரை

பெங்களூரின் மேற்கே அமைந்த ஸ்ரீராம்புரம் தமிழர் மிகுந்து வாழும் பகுதி. அங்கு வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வழங்குகின்றன. தெலுங்கும் தக்கணி உருதும் இடையே கலக்கின்றன. இத்தகைய கலப்புச் சூழலில் வளர்ந்தவர் நகைச்சுவை எழுத்தைத் தொழிலாகக் கொள்வதற்குத் துணை யாது, தடை யாது என்னும் வினாவை, அதே நகரில் வாழ்ந்த டி. பி. கைலாசத்தின் (1884-1946) எழுத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. காலச் சூழல்

கைலாசம் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தினர்; தந்தை பரமசிவ ஐயர் மைசூர் அரசில் நீதிபதியாக விளங்கியவர். சென்னையிலும் இலண்டனிலும் பயின்ற கைலாசம், மைசூர் அரசின் நிலவியல் துறையில் பணியாற்றிப் பின் அப்பணியைத் துறந்தார். கன்னட நவீன நகைச்சுவை நாடகத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் அவர், 1945இல் சென்னையில் கூடிய கன்னட சாகித்திய சம்மேளனத்திற்குத் தலைமை தாங்கினார்.

அவர் கன்னடத்தில் எழுதத் தொடங்கிய காலமே மைசூரில் இடஒதுக்கீடு உருப்பெற்ற காலமாகும். 1918இல் அமைக்கப்பட்ட லெஸ்லி மில்லர் குழு, ஏழாண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதியும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரு பங்கும் பிராமணரல்லாதார்க்குச் சேர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தகுதியே அளவுகோல் என்று வாதிட்ட திவான் விசுவேசுவரய்யா பதவி விலகினார்.

3. தகுதி பற்றிய நகைப்பு

இப்பின்னணியில் ‘டொள்ளுகட்டி’ நாடகம் புதிய பொருள் தருகிறது. பொள்ளல், திண்மை என்னும் இரு சொற்களாலான தலைப்பு அது. சகோதரர் இருவருள் ஏட்டுக் கல்வியில் சிறந்தவன் உள்ளீடற்றவன். தேர்வில் பின்தங்கியவனே உறுதியான மனிதன். மதிப்பெண்ணே தகுதிக்குச் சான்று எனத் தம் வகுப்பார் வாதிட்ட நாளில் கைலாசம் மதிப்பெண்ணை நகைப்புக்குரியதாக்கினார். எனினும் அந்நகைப்பு ஒரு வீட்டின் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. வென்றவனும் பின்தங்கியவனும் ஒரே கூடத்தில் உண்பவர்கள். பள்ளி வாயிலையே காணாதவன் அந்நாடகத்தின் சிக்கலாக எழவில்லை.

4. மொழிக்கலப்பின் மதிப்பு

கைலாசம் காவியப் பொருளுடைய துன்பியல் நாடகங்களை ஆங்கிலத்திலும், நகைச்சுவை நாடகங்களைக் கன்னடத்திலும் எழுதினார். தாய்மொழியான தமிழ் இரண்டிற்கும் ஊடகமாகவில்லை. அவருடைய பாத்திரங்கள் ஆங்கிலச் சொற்களைக் கன்னட விகுதிகளோடு கலந்து பேசுகின்றன. ஸ்ரீராம்புரத்துத் தமிழர் கன்னடச் சொற்களைத் தமிழ் விகுதிகளோடு வழங்குவதும் இலக்கண நோக்கில் இதே நிகழ்வுதான். ஆனால் முன்னது ஆசிரியரின் மொழித்திறனாகப் பாராட்டப்படுகிறது. பின்னது பேசுவோரின் கல்விக் குறையாகக் கருதப்படுகிறது. முன்னதில் கலப்புமொழியினரே நகைப்பை ஆக்குகின்றனர். பின்னதில் அவர்கள் நகைப்புக்கு இலக்காகின்றனர்.

மொழிபெயர்ப்பாளர் இங்கே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கைலாசத்தைத் தமிழாக்குவோர்க்கு அக்கிரகாரத் தமிழும் ஆங்கிலமும் கலந்த நடை எளிதில் வாய்க்கும். அந்நடையை வீட்டுத் தலைவர்க்கும், பெங்களூர்த் தெருத்தமிழை வேலைக்காரப் பாத்திரங்களுக்கும் வகுத்துக் கொடுத்தால், மூலத்தில் இல்லாத ஓர் ஏற்றத்தாழ்வை மொழிபெயர்ப்பே உண்டாக்கிவிடும்.

5. முடிவுரை

ஸ்ரீராம்புரத்து மாணவரின் நிலை வேறு. பட்டியல் சாதித் தகுதி மாநிலம் விட்டு மாநிலம் உடன்வாராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதி திராவிடர் கருநாடகப் பட்டியலில் இடம்பெற்றிருப்பினும், முன்னோர் அம்மாநிலத்தில் வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை எச்சூழலில் வளர்ந்தது என்பதையும் நோக்க வேண்டும் என 2012இல் அந்நீதிமன்றம் கூறியது. பிறப்போடு வளர்ப்பையும் எடைபோடும் இந்நோக்கு மொழிக்கும் பொருந்தும். எழுத்தாளரின் செவியை ஆக்குவது அவர் வளர்ந்த தெருவே.

இடஒதுக்கீடு கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் வழி திறக்கிறது. நகைச்சுவை எழுத்திற்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை. அதற்கு ஓய்வும், தோல்வியைத் தாங்கும் குடும்பமும் வேண்டும். கைலாசம் அரசுப் பணியை விட முடிந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று வேலையில் அமர்ந்தவர் அதை எளிதில் விட இயலாது. எனவே இருமொழி மரபினரின் நகைச்சுவை எழுத்தை மதிப்பிடும் திறனாய்வு, நூலின் மொழித்திறனோடு அதனை எழுதுவதற்கு வாய்த்த பொருளியல் பாதுகாப்பையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.