துருஹியோ: ஒரு மூலை மாடத்தை வாசித்தல்

1

பழைய ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லிவிடுகிற வாக்கியம் ஒன்று உண்டு: 'இங்கே காலம் நின்றுபோய்விட்டது.' ஸ்பெயினின் தென்மேற்கில், போர்த்துக்கலை ஒட்டிய எக்ஸ்த்ரமதூரா பகுதியில் இருக்கும் துருஹியோவைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். கருங்கல் குன்று. உச்சியில் அரபு ஆட்சியாளர்கள் கட்டிய கோட்டை. அதற்குக் கீழே மதிலுக்குள் பழைய ஊர். மதிலுக்கு வெளியே ஒரு பெரிய சதுக்கம். சுற்றிலும் மாளிகைகள், ஒரு பக்கம் சான் மார்த்தீன் தேவாலயம், நடுவே வெண்கலக் குதிரைமேல் பிரான்சிஸ்கோ பிஸாரோ. கோபுரங்களின் தலையில் நாரைக் கூடுகள். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பட்டப்பெயர்: 'மத்தியகால நகரம்'.

இந்தப் பட்டப்பெயரைக் கொஞ்சம் உலுக்கிப் பார்ப்போம். கோட்டை 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. 1230களில் கிறித்தவப் படைகள் ஊரைப் பிடித்தன. சாந்தா மரியா லா மயோர் தேவாலயம் அந்த நூற்றாண்டில் எழத் தொடங்குகிறது. அதன் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பெர்னாந்தோ கயேகோவின் ஓவியத் தொகுதி 15-ஆம் நூற்றாண்டு. இதுவரை மத்தியகாலம்தான், தகராறில்லை. ஆனால் பயணிகள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிற சதுக்கத்து மாளிகைகள்? பிஸாரோக்களின் மாளிகை, பக்கத்திலேயே ஒரெயானாக்களின் மாளிகை, வர்காஸ்-கர்வஹால் மாளிகை எல்லாம் 16-ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் எழுந்தவை. 16-ஆம் நூற்றாண்டு மத்தியகாலம் ஆகாது. அது அமெரிக்கக் கண்டம் பிடிபட்ட காலம்.

இது ஏதோ கவனப்பிசகு, ஆண்டுக்கணக்கில் நூறு வருஷம் முன்னே பின்னே ஆகிப்போச்சு என்று விட்டுவிட முடியாது. 'மத்தியகாலம்' என்ற சொல் ஒரு வேலை செய்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் வீரர்கள், துறவிகள், மணியோசை, மூடுபனி என்று ஒரு கதையாடல் தானாக விரிகிறது. அந்தக் கதையாடலில் எல்லாமே வெகுதூரத்தில் நடக்கிறது. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மத்தியகாலத்திடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. 16-ஆம் நூற்றாண்டிடம் கேட்கலாம். ஏனென்றால் அது கணக்கு எழுதி வைத்திருக்கிறது.

நின்றுபோன காலம் என்பதும் பொய். சாந்தா மரியாவின் கோபுரம் ஒன்று நிலநடுக்கங்களில் சிதைந்து, 20-ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்டது. அப்போது வேலை செய்த கல்தச்சர் ஒருவர், பில்பாவோ நகரத்தின் அத்லெதிக் கால்பந்துக் கழகத்தின் சின்னத்தைத் தூண் தலைப்பு ஒன்றில் செதுக்கி வைத்துவிட்டார். இன்றும் இருக்கிறது. வழிகாட்டிகள் இதை வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கோபுரத்திலேயே நேர்மையான இடம் அதுதான் என்று தோன்றுகிறது. 'நான் இப்போது செய்யப்பட்டவன்' என்று அந்தக் கல் மட்டுமாவது ஒத்துக்கொள்கிறது.

2

சரி, கணக்குக்கு வருவோம்.

1529இல் பிஸாரோ பெருவைப் பிடிக்க அரசியிடம் ஒப்பந்தம் பெற்றார். பிறகு சொந்த ஊரான துருஹியோவுக்கு வந்து தன் சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு போனார். 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா சதுக்கத்தில் 168 பேர் கொண்ட அவருடைய படை இன்கா அரசர் அதாவால்பாவைச் சிறைபிடித்தது. ஓர் அறையை ஒரு தடவை பொன்னாலும் இரண்டு தடவை வெள்ளியாலும் நிரப்பினால் விடுதலை என்று பேச்சு. அறை நிறைந்தது. 1533இல் அதாவால்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

பலரும் இந்தத் துரோகத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். அறையில் வந்து குவிந்தது என்ன என்று அவர்கள் கேட்பதில்லை. குடங்கள், தட்டுகள், உருவங்கள், கூஸ்கோவின் சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த தகடுகள். அதாவது கலை, வழிபாடு, கைவேலை. எல்லாவற்றையும் மாதக்கணக்கில் உலையில் போட்டு உருக்கினார்கள். ஏறத்தாழ 6,000 கிலோ பொன், 12,000 கிலோ வெள்ளி. உருக்கியவர்கள் யார்? அந்த மண்ணின் பொற்கொல்லர்களே. தங்கள் இனத்தின் கைவேலையைத் தங்கள் கையாலேயே கட்டியாக்கிக் கொடுக்க வைக்கப்பட்டார்கள். குதிரைவீரன் ஒருவனுக்கு ஏறக்குறைய 40 கிலோ பொன்னும் 80 கிலோ வெள்ளியும், காலாளுக்கு அதில் பாதி. யாருக்கு எவ்வளவு என்று எழுத்தர் எழுதிய பட்டியல் இன்றும் கிடைக்கிறது. உருக்காமல் விட்ட சில பொருள்களை ஹெர்னாந்தோ பிஸாரோ அரசனின் பங்கோடு ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார். 1534இல் செவியா நகரத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பிறகு அரசாணைப்படி அவையும் உலைக்குப் போயின.

உருக்குதல் என்பதை இங்கே ஒரு குறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஒரு பொருளுக்கு வடிவம் இருக்கும்வரை அது யாரோ செய்தது, யாருக்காகவோ செய்தது. உருக்கிவிட்டால் எடை மட்டும்தான் மிச்சம். எடைக்கு ஊரும் கிடையாது, சாமியும் கிடையாது. அந்த எடை அரசக் கடன்பத்திரமாகிறது, பத்திரம் வட்டியாகிறது, வட்டி நிலமாகிறது, நிலம் வாடகையாகிறது. கடைசியில் துருஹியோ சதுக்கத்தில் கருங்கல் மாளிகையாக எழுந்து நிற்கும்போது அதற்குத் திரும்பவும் ஒரு வடிவம் வந்துவிடுகிறது. 'அடடா, என்ன அழகு' என்கிறோம். அழகுதான், மறுக்கவில்லை. ஒரு வடிவத்தை அழித்த காசில் இன்னொரு வடிவம் எழுந்திருக்கிறது. முதல் வடிவம் நம் கண்ணில் படப்போவதில்லை என்பதால், இரண்டாவது மட்டும் எப்போதும் அங்கேயே இருந்தது மாதிரி தெரிகிறது. அதற்கு வைத்த பெயர்தான் 'மத்தியகாலம்'. புதுப்பணத்துக்குப் பழைய சட்டை.

3

ஆனால் இந்த ஊரின் ஒரு மூலை அப்படி மறைக்கவில்லை. சதுக்கத்தின் மூலையில் நிற்கும் மாளிகைக்குப் பெயரே 'வெற்றிகொண்டதன் மாளிகை'. கட்டடம் திரும்புகிற முனையில் ஒரு மாடம். அதற்கு மேலே ஸ்பானிய அரசர் கொடுத்த மாபெரும் குலச்சின்னம், அதில் சங்கிலியில் பிணைத்த இந்தியத் தலைவர்கள். மாடத்தின் இரு பக்கமும் நான்கு கல் தலைகள். ஒரு பக்கம் பிரான்சிஸ்கோ பிஸாரோவும் இனெஸும். மறுபக்கம் ஹெர்னாந்தோ பிஸாரோவும் பிரான்சிஸ்காவும்.

இனெஸ் யார்? பெருவில் அவள் பெயர் கிஸ்பே சிசா. இன்கா அரசர் வைனா கபாக்கின் மகள், அதாவால்பாவின் மாற்றாந்தாய்வழிச் சகோதரி. சிறையிலிருந்த அண்ணன் அவளைப் பிஸாரோவிடம் கொடுத்தான். ஞானஸ்நானத்தில் பெயர் போச்சு. இரண்டு பிள்ளைகள் பெற்றாள். பிறகு பிஸாரோ அவளைத் தன் ஆட்களில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். அவள் கடல் தாண்டவில்லை, பெருவிலேயே வாழ்ந்து முடிந்தாள். தான் ஒருநாளும் பார்க்காத மாளிகையின் முகப்பில், தன்னைக் கைமாற்றிவிட்டவனுக்குப் பக்கத்தில், மனைவி மாதிரி நிற்கிறாள்.

பிரான்சிஸ்கா அவள் மகள். 1534இல் பிறந்தவள். அப்பன் 1541இல் லிமாவில் எதிரிகளின் கையால் வெட்டுப்பட்டுச் செத்தான். 1551இல் அவளை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். 1552இல், ஏறத்தாழ 18 வயதில், தன் சித்தப்பனான ஹெர்னாந்தோவையே மணந்தாள். அல்மாக்ரோவைக் கொன்ற வழக்கில் ஹெர்னாந்தோ அப்போது லா மோத்தா கோட்டையில் சிறையில் இருந்தார். சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல வழி உண்டா? சகோதரர்களில் உயிரோடு ஊர் திரும்பியவர் ஹெர்னாந்தோ ஒருவர்தான். 1561இல் விடுதலையானதும் கணவனும் மனைவியும் துருஹியோவில் இந்த மாளிகையைத் தொடங்கினார்கள். 1578இல் சொத்து பிரிபடாமல் மூத்த வாரிசுக்கே போகும்படி சாசனம் செய்தார்கள். ஹெர்னாந்தோ இறந்தபின் அவள் மறுமணம் செய்துகொண்டு, 1598இல் சாகும்வரை மட்ரிட்டில் வசதியாகவே வாழ்ந்தாள். பெருவின் வரலாற்றாசிரியர் மரியா ரோஸ்த்வொரோவ்ஸ்கி இவளைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். நாம் 'மாற்று வாசிப்பு' செய்கிறவர்கள் இல்லையா? கையில் இரண்டு பெட்டி வைத்திருக்கிறோம்: ஆதிக்கம் செய்தவர், ஆதிக்கத்துக்கு உள்ளானவர். பிரான்சிஸ்காவை எந்தப் பெட்டியில் போடுவது? அவள் உடம்பே படையெடுப்பின் விளைவு. அந்தப் படையெடுப்பின் பெருஞ்சொத்துக்கு வாரிசும் அவள்தான். சங்கிலியில் பிணைத்த தலைவர்களைக் கொண்ட சின்னம் அவள் வீட்டு வாசலில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு எஜமானி அவள். அந்தத் தலைவர்கள் அவள் தாய்வழி உறவு.

இதோடு நிற்கவில்லை. 1536இல் இன்கா படை லிமாவை முற்றுகையிட்டபோது, பிஸாரோவுக்கு உதவ ஆள் அனுப்பியவள் இனெஸின் தாய் கொந்தார்வாச்சோ. வைலாஸ் என்ற இனத்தின் தலைவி அவள். அவள் மக்களை இன்காக்கள் அடக்கி ஆண்டு ரொம்ப காலம் ஆகியிருக்கவில்லை. அப்படின்னா 'இந்தியர்' என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு வகை உருக்குதல்தான். பல இனங்களை, அவற்றுக்குள் இருந்த மேல் கீழை, பகையை எல்லாம் ஒரே கட்டியாக்கி எடை பார்க்கிறோம். சுற்றுலா வழிகாட்டி ஒரு விதமாக உருக்குகிறார் என்றால் நாம் இன்னொரு விதமாக.

இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். 'அப்ப பிஸாரோவும் சரி, எல்லாரும் சரின்னு சொல்ல வர்றியா?' இல்லை. அவர்களே கூட்டு சேர்ந்தார்கள், அவர்களே பலன் அடைந்தார்கள் என்ற வாதம் ஆதிக்கத்துக்கு எப்போதுமே தோதான வாதம், எனக்குத் தெரியும். கஹமார்க்காவில் நடந்தது கொள்ளையும் கொலையும். அதில் எந்தச் சிக்கலும் கிடையாது. நான் சொல்ல வருவது வேறு. அந்தக் கொள்ளை வெறும் வாளால் நிலைக்கவில்லை. கல்யாணத்தால், ஞானஸ்நானத்தால், உயிலால், வாரிசுரிமையால் நிலைத்தது. மாடத்தில் வீற்றிருப்பது ஒரு படை இல்லை, ஒரு குடும்பம். கல் தலைகளில் இரண்டு பெண்கள் இல்லாமல் அந்தச் சொத்துக்குத் தொடர்ச்சியே கிடையாது. வழிகாட்டிக்கு அது காதல்கதை, இரு உலகங்களின் சங்கமம். நமக்கு அது பாதிக்கப்பட்டவர் பட்டியலில் இரண்டு பெயர். இரண்டு வாசிப்பிலும் அந்த மூலை செய்கிற வேலை தப்பிவிடுகிறது.

4

சதுக்கத்தின் நடுவில் நிற்கிற குதிரைக்கு வருவோம். அதைச் செய்தவர் சார்ல்ஸ் ரம்ஸி என்ற அமெரிக்கச் சிற்பி. அவர் இறந்தபின் 1929இல் அவர் மனைவி துருஹியோவுக்கு அளித்தார். செவியாவில் ஸ்பெயினும் லத்தீன் அமெரிக்காவும் ஒரே குடும்பம் என்று பொருட்காட்சி நடத்திய அதே ஆண்டு. ஆக 'மத்தியகால' சதுக்கத்தின் மையப்புள்ளிக்கு நூறு வயது இன்னும் ஆகவில்லை. அதன் இன்னொரு வார்ப்பு, நகரம் நிறுவப்பட்டதன் 400-ஆம் ஆண்டை ஒட்டி, 1935இல் லிமாவில் நிறுத்தப்பட்டது. லிமாக் குதிரை பட்ட பாடு பெரிது. முதலில் பேராலய முற்றம், பிறகு அரண்மனைக்குப் பக்கத்துச் சதுக்கம், 2003இல் அங்கிருந்து அகற்றம், அடுத்து ஆற்றோரப் பூங்காவில் ஒரு மூலை. 2025 ஜனவரியில் மறுபடி பிரதான சதுக்கத்தின் அருகே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். துருஹியோவின் குதிரையோ நிறுத்திய சதுக்கத்திலேயே நிற்கிறது.

லிமாவில் சிலையை எடுத்தது சரிதான். அது வேண்டிய வேலை. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க ஒரு மேயரும் ஒரு பாரந்தூக்கியும் போதும் என்பதையும் பார்த்துவிட்டோம். சிலை, கொள்ளையின் கையெழுத்து மாத்திரம். பத்திரம் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே? எக்ஸ்த்ரமதூராவின் நிலத்தில். இத்தனை பொன் வந்து இறங்கிய இந்தப் பகுதி ஸ்பெயினின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. பொன் மாளிகையாச்சு, பெரும்பண்ணையாச்சு, 1631இல் பேரனுக்கு 'வெற்றியின் மார்க்கீஸ்' என்று பட்டமும் ஆச்சு. கூலி ஆகவில்லை. 1950களிலும் 60களிலும் இங்கிருந்து ஜனங்கள் மட்ரிட், பார்சலோனா, ஜெர்மனி என்று பிழைக்கப் போனார்கள். துருஹியோவின் கோட்டை 2017இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் காட்டப்பட்டது. எந்த வேடத்தில்? பொன்சுரங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிரபுக் குடும்பத்தின் கோட்டையாக. அந்தக் கதையிலும் சுரங்கம் வற்றிப்போயிருக்கிறது. படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்து செய்தார்களா, தற்செயலா, என்னவோ.

இந்த நிலத்தை வேறு மாதிரி வாசித்தவர்களும் உண்டு. 1936 மார்ச் 25 அதிகாலையில், பக்கத்து பதஹோஸ் மாகாணத்தில், சுமார் 60,000 ஏழை விவசாயிகள் ஏறத்தாழ 3,000 பண்ணைகளில் ஒரே நேரத்தில் இறங்கி உழத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு ஜோடி கோவேறு கழுதை தவிர வேறு சொத்து கிடையாது. எந்தச் சிலையையும் அவர்கள் தேடிப் போகவில்லை. பொன் கடைசியாக எதுவாக மாறி நின்றதோ, அதன் மேல் ஏரை வைத்தார்கள். அதே ஆகஸ்டில் பிராங்கோவின் படை பதஹோஸுக்குள் நுழைந்து ஆயிரக்கணக்கில் கொன்றது. நிலம் பழைய கைகளுக்கே போனது.

துருஹியோவுக்குப் போகிறவர்கள் போகட்டும். மாளிகைகளைப் பார்க்கட்டும், ரசிக்கட்டும். மூலை மாடத்தின் கீழே நிற்கும்போது அந்த நான்கு தலைகளோடு இன்னும் இரண்டு பேரை நினைத்துக்கொண்டால் போதும். உலை முன்னால் நின்ற கஹமார்க்காப் பொற்கொல்லன் ஒருவன். பண்ணைக்குள் ஏரை இறக்கிய எக்ஸ்த்ரமதூரா விவசாயி ஒருவன். இருவருக்கும் சிலை கிடையாது. அந்தக் கட்டடத்தின் கணக்கு இவர்கள் இல்லாமல் நேராகாது.