சாலைக்கு இறங்கிய சோலைமந்தி

வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், பெரும்பாலான நாட்களில் சோலைமந்தியைப் பார்த்துவிடலாம். அதே குரங்கைத் தேடிக் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களில் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கே வரவிருந்த நீர்மின் திட்டத்துக்கு எதிராக 1970-களில் எழுந்த போராட்டத்தின் முகமே இந்தச் சிங்கவால் குரங்குதான். திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குரங்குகள் இன்றும் அங்கே இருக்கின்றன. முக்காலியிலிருந்து ஜீப்பில் சைரந்திரி வரை போய்வரும் பயணிக்குத்தான் தெரிவதில்லை.

மழைக்காட்டின் இயல்பு அப்படி. வெயிலில் மிகச் சிறு பங்குதான் தரையைத் தொடுகிறது. தளிர், பூ, கனி எல்லாம் உச்சிக் கிளைகளில். அவற்றைத் தின்னும் விலங்குகளும் அங்கேதான். மரநாய், பறக்கும் அணில், தேவாங்கு மூன்றும் இரவாடிகள். சருகுமான் சருகோடு சருகாக நின்றுவிடும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வரிக்குதிரைக் கூட்டத்தை டிவியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் காடு காலியாகத் தெரிவதில் வியப்பில்லை.

அப்படியென்றால் புதுத்தோட்டத்தில் மட்டும் சோலைமந்தி எப்படித் தெரிகிறது? புதுத்தோட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் காட்டுத்துண்டு. பக்கத்திலேயே நெடுஞ்சாலை, சற்றுத் தள்ளி ஊர். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள் அடைபட்டிருக்கின்றன. தொடர்ச்சியான காட்டில் வெடிப்பலாவைத் தின்றுகொண்டு ஏறக்குறைய வாழ்நாள் முழுவதையும் மரத்திலேயே கழிக்கும் குரங்கு இது. இங்கே கிளைக்கும் கிளைக்கும் தொடர்பு அறுந்துவிட்டதால் தரைக்கு இறங்குகிறது, சாலையைக் கடக்கிறது, வீடுகளுக்குள் புகுந்து அடுப்படியைக் கிளறுகிறது. போகிறவர்கள் நீட்டும் சிப்ஸுக்கும் பழகிவிட்டது. பயணி படம்பிடித்துக்கொண்டு போவது காட்டின் வளத்தை அல்ல, அதன் உடைவை. பார்த்ததும் அவருக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறு: இவ்வளவு இருக்கிறதே, அழிகிற இனம் என்று ஏன் சொல்கிறார்கள்?

போர்னியோவின் கினபதாங்கான் ஆற்றிலும் கதை ஏறக்குறைய இதுதான். மாலையில் படகில் போனால் நீள்மூக்குக் குரங்குகள் கரையோர மரங்களில் உறங்க வந்து அமர்வதைக் காணலாம். அது அவற்றின் இயல்பான பழக்கமே. ஆனால் பல இடங்களில் அந்த மரங்களுக்குப் பின்னால் இருப்பது காடல்ல, எண்ணெய்ப்பனைத் தோட்டம்.

ஆனாலும் இந்தப் பயணங்களை வீண் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. புலியையும் யானையையும் தவிர வேறு விலங்குக்காகப் பெரும்பாலோர் மலையேறாத நாட்டில், ஒரு குரங்குக்காக வண்டி நிற்பது சின்ன விஷயமல்ல. எல்லோர் கண்ணிலும் பட்டதால்தான் புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. வண்டிகளின் வேகத்தைக் குறைக்க உள்ளூர்க்காரர்களே காவலர்களாக அமர்த்தப்பட்டார்கள். சிக்கல் என்னவென்றால், குரங்குக்காக நிற்கும் வண்டிதான் வண்டியருகே வரவும் அதற்குக் கற்றுக்கொடுக்கிறது.

கண்டிப்பான முறை எப்படியிருக்கும் என்பதற்கு உகாண்டாவின் பிவிண்டி மலைக்காடு சான்று. ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளொன்றுக்கு எட்டுப் பயணிகள்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம்; இடைவெளி விட்டு நிற்கவேண்டும்; சளி, காய்ச்சல் உள்ளவருக்கு அனுமதியில்லை, ஏனென்றால் நம் மூச்சில் போகும் கிருமி கொரில்லாவைக் கொல்லக்கூடும். அனுமதிச்சீட்டு பல நூறு டாலர். மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்தைத் தாண்டியதும், 2018-ல் அவற்றின் அபாய நிலை ஒரு படி தணித்து மதிப்பிடப்பட்டதும் இந்த வருமானம் இல்லாமல் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். மறுபக்கமும் உண்டு. 1991-ல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தவிர, கொரில்லா பகலில் கூட்டமாகத் திரியும் பெரிய விலங்கு. சருகுமானுக்காக யார் அவ்வளவு பணம் கொடுப்பார்? பிவிண்டியிலிருந்து வால்பாறைக்குக் கொண்டுவரத்தக்கது கட்டணம் அல்ல. பயணியின் நல்ல மனதை நம்பாத விதிமுறைதான்.

இரவில் விலங்கு தேடி எஸ்டேட் சாலைகளில் விளக்கடித்துக்கொண்டு திரியும் வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவை கூடாது. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு எச்சரிக்கை விளக்காலும் தெரிந்துகொண்டு மக்கள் வீடு திரும்புகிறார்கள். அந்த யானையை விளக்கடித்து மிரட்டிவிட்டுப் பயணி விடுதிக்குப் போய்விடலாம். அடுத்த வளைவில் அதை எதிர்கொள்பவர் வேலை முடிந்து லைன் வீட்டுக்கு நடந்துபோகும் தொழிலாளி.

எல்லாக் கோளாறுக்கும் அடியில் இருப்பது ‘சைட்டிங்’ கணக்கு. விலங்கு தென்பட்டால் பயணம் வெற்றி, வழிகாட்டிக்கு இனாம்; இல்லையென்றால் முணுமுணுப்பு. அந்தக் கணக்கு எந்த வழிகாட்டியையும் காட்டுக்கு உள்ளே தள்ளாது, உடைந்த ஓரத்துக்கே இழுத்துக்கொண்டு வரும். பாதி தின்று போட்ட வெடிப்பலாவைக் காட்டி, இதைத் தின்றது யார், எப்போது என்று விளக்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பில்லை.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வால்பாறையின் காட்டுத்துண்டுகளில் மழைக்காட்டு மரங்களை நட்டு வளர்த்து வருகிறது. அந்த வேலை முழுதாகப் பலித்தால் கிளைகள் மறுபடி கைகோக்கும், சோலைமந்திகள் மேலேறிவிடும், சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அவை அரிதாகத்தான் தெரியும். குரங்கைக் காட்டிப் பிழைக்கும் விடுதிகளும் ஜீப்காரர்களும் அந்த நாளை வரவேற்பார்களா? இன்றைய வருமானத்தில் ஒரு பங்கு நாளைய காட்டுக்குப் போகும்படி யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசாதவரை, மாட்டார்கள்.