தேங்காப்பட்டணத்துக் கடல் ஆம்பூருக்கு வந்த ராத்திரி

ராத்திரி மணி ரெண்டேகால். ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்கத் தூங்குகிறது, எங்கோ தோல் பதனிடும் ஒரு டேனரியில் ட்ரம் உருளும் சத்தம் மட்டும் கடகடவென்று கேட்கிறது, நான் மொட்டை மாடியில் ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், விடியும்வரை தாங்காது! கீழே ஓடிப்போய்த் தங்கச்சியை எழுப்பினேன். "என்னண்ணா, அத்தாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று பதறி எழுந்தாள். "இல்லம்மா, ஒரு நாவல் படிச்சு முடிச்சேன்" என்றேன். அவள் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். விடியற்காலைத் தொழுகையான பஜ்ருக்கு பாங்கு சொல்லும்வரை நிறுத்தவேயில்லை.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. அடடா, பேரைச் சொல்லும்போதே தொண்டையில் என்னமோ செய்கிறது!

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அரபிக்கடல் ஓரம் ஒரு சின்ன ஊர், தேங்காப்பட்டணம். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி. ஊர் அவருடையது, பள்ளிவாசல் அவர் சொல்கேட்டு நடக்கிறது, நியாயம் அவர் வாயில் இருக்கிறது. தங்கள் ஒருவர் வந்து இறங்குகிறார், நபி வம்சம் என்று ஊரே காலடியில் கிடக்கிறது, அவர் ஓதி ஊதித் தருகிற தண்ணீருக்கு ஏங்குகிறது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்றதும் ஹராம் ஹராம் என்று கொதிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள், சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது, முதுகை வளைக்க மாட்டேன் என்று நிற்கிறார் பாருங்கள், அந்த இடம் வந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், நிஜமாகவே எழுந்து நின்றுகொண்டு படித்தேன், கை நடுங்குகிறது, "விடாதீங்க பாய், விடாதீங்க" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! முடிவை மட்டும் கேட்காதீர்கள். சத்தியமாகச் சொல்ல மாட்டேன். நீங்களே அந்தக் கடலுக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

குமரி மாவட்டத்துப் பேச்சு, மலையாளமும் அரபியும் கலந்தது, வடாற்காட்டுக்காரனுக்கு முதல் இருபது பக்கம் கொஞ்சம் பல்லில் கடிபடும்தான். படட்டுமே! அதற்கப்புறம் அந்தப் பேச்சை விட்டு வெளியே வர மனசே வராது. எழுதினவர் 1944-இல் அதே தேங்காப்பட்டணத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர், திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988-இல் இது புத்தகமானது. பின்னால் 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. இருக்கட்டும், எனக்கு இந்த முதல் நாவலே போதும். 2019-இல் அவர் இறந்த சேதி வந்த அன்று சொந்த வீட்டுச் சாவு போல எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல அத்தாவிடம் போக வேண்டும். அத்தா, என் அப்பா, முப்பது வருஷம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். பச்சைத் தோல் வாடை எப்படியிருக்கும் தெரியுமா? சோப்புக்குப் போகாது, அத்தருக்கும் அடங்காது, நகக்கண்ணில் குடியிருக்கும். ஜும்ஆ அன்றைக்கு ரெண்டு தடவை குளிப்பார், வெள்ளைச் சட்டை போடுவார், பள்ளிவாசலுக்குப் போய்க் கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றுகொள்வார். எட்டு வயசில் நான் அவர் பக்கத்தில் நிற்காமல் நாலு பேர் தள்ளி நின்றிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. முன்வரிசையில் மணக்க மணக்க நிற்பவர்களுக்குத்தான் அல்லாஹ் பக்கம், எங்களுக்குத் தூரம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் அப்படித்தான் நம்பியிருந்தேன். நரகம், ஜின், கபுர் வேதனை, எல்லாம் பயம், பயம்! வீட்டில் தமிழ் பேசுகிற எனக்கு பள்ளிவாசலில் நடக்கும் உருது பயானில் பாதிதான் புரியும், புரிந்த பாதியும் பயமாகவே புரிந்தது.

இந்த நாவல் என்ன செய்தது தெரியுமா? இறைவன் மேல் ஒரு கீறல்கூடப் போடவில்லை! அவன் பேரைச் சொல்லி ஊரை ஆண்டவர்களை மட்டும் ஒவ்வொருவராக விலக்கி நிறுத்தியது, முதலாளியை, தங்களை, ஹராம் என்று கத்தின வாய்களை, பக்கம் புரளப் புரள என் மனசில் ஒட்டிக்கிடந்த பயம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது, சுண்ணாம்பில் ஊறின தோலிலிருந்து மயிர் தானே கழன்று வருமே, அத்தா கத்தியால் ஒரு தள்ளு தள்ளினால் சரசரவென்று வழிந்து போகுமே, அதே மாதிரி, கடைசியில் பார்த்தால் நம்பிக்கை அப்படியே முழுசாக, ஒரு கிழிசல் இல்லாமல், மெத்தென்று கையில் கிடக்கிறது! நம்பிக்கை போய்விடும் என்று பயந்துகொண்டே படித்தவன் நான், அன்றைக்கு பஜ்ர் தொழுகையில் நின்றபோதுதான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பயப்படாமல் சஜ்தாவில் நெற்றியை வைத்தேன், எழுந்திருக்க மனசு வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, எனக்கு வேண்டியதென்று எதையும் கேட்கத் தோன்றவில்லை, "நீ இவ்வளவு கிட்டவா இருந்தே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

ரெண்டாம் தடவை பாலாற்று மணலில் உட்கார்ந்து படித்தேன். டேனரிக் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தீர்ப்பு வாங்கின அதே ஆறு, தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ செய்யக்கூடத் தண்ணீரில்லாத ஆறு, அதில் உட்கார்ந்து கடல் சத்தம் கேட்டேன் என்றால் நம்புவீர்களா? கேட்டேன்!

அப்புறம் இருப்புக்கொள்ளவில்லை. அத்தாவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரயிலும் பஸ்ஸுமாக, வழியெல்லாம் அவருக்குக் கதையை வாசித்துக் காட்டிக்கொண்டே, தமிழ்நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு! "பதமான தோலு சுத்தமாயிடும்டா, மார்க்கத்துலயே இருக்கு" என்று அவர் அடிக்கடி சொல்வார். பதப்படுத்தின கையைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்கு ரயிலில் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தேங்காப்பட்டணம்! தென்னை, உப்புக்காற்று, குழித்துறை ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம், மாலிக் இப்னு தீனார் பேரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பழைய கருங்கல் பள்ளிவாசல். மஹ்மூது நடந்த மணல் இதுதானே என்று நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அஸருக்கு பாங்கு சொன்னார்கள். உள்ளே போனோம். அத்தா வழக்கம்போலப் பின்னால் சுவரோரம் ஒதுங்கினார். நான் கையைப் பிடித்தேன். "வேணாம்டா" என்றார். விடவில்லை, முதல் வரிசைக்கே கூட்டிப்போனேன். தோளோடு தோள் சேர்த்து நின்றோம். அத்தாவுக்கு அந்தப் பக்கம் நின்றவர் சட்டையில் மீன் வாடை. அவர் அத்தாவைத் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டார்.