பயோஃபீட்பேக் சான்றிதழ்: மணிக்கணக்கு போதுமா?

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரி ஓட்டுநருக்கு ஜிடிஎல் எனும் சரக்கு வாகன உரிமம் கட்டாயம். அதே ஓட்டுநர் தூக்கமின்மைக்கும் தோள்வலிக்கும் தீர்வு தேடி ஒரு பயோஃபீட்பேக் மையத்தின் படியேறினால், அவர் நெற்றியிலும் விரலிலும் சென்சார் ஒட்டுகிறவருக்கு அந்தத் தொழிலுக்கென்று தனி உரிமம் எதுவும் கிடையாது. 2016-ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியலில் 23 தொழில்கள் உள்ளன. மருத்துவ உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோர் அதில் இருக்கிறார்கள். பயோஃபீட்பேக் தனித்தொழிலாக இடம்பெறவில்லை. அந்தக் காலியிடத்தை இப்போது சான்றிதழ்களும் தொடர்கல்வி மணிகளும்தான் நிரப்புகின்றன. அவை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை எடைபோடுவது அவசியம்.

உடல் தன்போக்கில் செய்யும் வேலைகளைக் கருவியால் அளந்து, அதே கணத்தில் திரையிலோ ஒலியாகவோ நமக்கே திருப்பிக் காட்டுவதுதான் பயோஃபீட்பேக். இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம், தசை இறுக்கம், விரல் நுனியின் வெப்பம், உள்ளங்கை வியர்வை, மூளை அலை என எதையும் இப்படிக் காட்டலாம். பார்த்துப் பார்த்துப் பழகியவர் நாளடைவில் கருவி இல்லாமலே அந்த மாற்றத்தைக் கொண்டுவரக் கற்றுக்கொள்கிறார். 1969-இல் அமெரிக்காவில் இத்துறை ஆய்வாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1981-இல் சான்றளிப்பதற்கென்றே தனி அமைப்பு தோன்றியது. இன்று பிசிஐஏ என்று அழைக்கப்படும் அந்த அமைப்பின் சான்றிதழே உலக அளவில் பரவலாக மதிக்கப்படுகிறது.

இதன் பயன் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே அளவில் நிரூபணமாகவில்லை. மலம் கழிக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்வதால் வரும் நாட்பட்ட மலச்சிக்கலுக்கு பயோஃபீட்பேக் உறுதியான சிகிச்சை. இதயத்துடிப்பு மாறுபாட்டை வைத்துத் தரும் மூச்சுப் பயிற்சி பற்றி 2017-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, 24 ஆய்வுகளையும் 484 பேரையும் சேர்த்துப் பார்த்து, மன அழுத்தமும் பதற்றமும் கணிசமாகக் குறைவதாகச் சொன்னது. நம் நாட்டிலும் சான்று உண்டு. மலேசிய பகாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் 36 பெண் ஊழியர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். வாரம் ஒன்றாக ஐந்து அமர்வுகள் பெற்ற 19 பேரிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆனால் கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்கு மூளை அலையை வைத்துத் தரும் நியூரோஃபீட்பேக்கின் கதை வேறு. 144 பிள்ளைகளை வைத்து நடந்து 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உண்மைப் பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். எது எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே இத்தொழிலுக்குத் தகுதியானவர். சான்றிதழின் முதல் சோதனை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இனி அதன் வலிமையைப் பார்ப்போம். பிசிஐஏயின் பொதுச் சான்றிதழுக்கு, சுகாதாரத் துறை சார்ந்த பட்டம், உடற்கூறும் உடலியங்கியலும் கற்றதற்கான சான்று, 42 மணி நேரப் பாடம், எழுத்துத் தேர்வு ஆகியவை வேண்டும். இவை எந்தப் படிப்பிலும் இருப்பவைதான். இதன் தனிச்சிறப்பு மேற்பார்வையில் இருக்கிறது. அனுபவமுள்ள ஒரு வழிகாட்டியுடன் 20 மணி நேரம் செலவிட வேண்டும். பயிற்சியாளர் முதலில் தன் உடம்பிலேயே 10 அமர்வுகள் பழக வேண்டும். பிறகு 50 சிகிச்சை அமர்வுகளை நடத்தி வழிகாட்டியின் பார்வைக்கு வைக்க வேண்டும். இணையவழி மேற்பார்வைக்கும் இடமிருப்பதால் கிள்ளானில் இருந்துகொண்டே வெளிநாட்டு வழிகாட்டியிடம் கற்க முடியும். சுகாதார உரிமம் இல்லாதவர், உரிமம் பெற்றவரின் கண்காணிப்பில்தான் நோய்க்குச் சிகிச்சை அளிக்கலாம் என்ற நெறியும் இதில் உண்டு.

மேற்பார்வை ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஓர் அமர்வை நெருங்கிப் பார்த்தால் போதும். மதிய வெயிலில் வந்தவர் குளிரூட்டிய அறைக்குள் வந்ததும் வராததுமாக விரலில் வெப்பச் சென்சார் ஒட்டப்படுகிறது. சிறிது நேரத்தில் திரை 27 டிகிரி காட்டுகிறது. புதியவர் “உங்களுக்கு ஸ்ட்ரெஸ் அதிகம்” என்று சொல்லிவிடுவார். பழகியவர் குளிர்காற்று நேரே படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அறையின் குளிருக்கு உடம்பு பழகும்வரை காத்திருந்து, மறுபடி அளப்பார். அடுத்ததாக மார்பில் கட்டும் பட்டை. இடையே தாளம் தப்பி வரும் ஒரு துடிப்பைக் களையாமல் கணக்கில் சேர்த்தால், இதயத்துடிப்பு மாறுபாடு உண்மையைவிட மிக நன்றாக இருப்பதுபோல் எண் காட்டும். நோயாளி சற்று அசைந்தாலும் அதே குழப்பம்தான். எண் வந்துவிட்டது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதிவிடலாம். பக்கத்தில் ஒருவர் இருந்து “இதை அழித்துவிட்டு மறுபடி எடு” என்று திருத்தினால்தான் கை பழகும்.

நம் மக்களைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத நீரிழிவு, இதயத்துடிப்பை ஒழுங்குபடுத்தும் தன்னியக்க நரம்புகளைப் பாதிக்கும். அப்போது இதயத்துடிப்பு மாறுபாட்டுக் கோடு தட்டையாகிவிடும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் துடிப்பையே மாற்றிவிடும். இதை அறியாதவர், “மனசை லேசாக வையுங்கள், கோடு உயரும்” என்று ஐம்பது வயதுத் தொழிலாளியை வாரக்கணக்கில் மூச்சுவிட வைப்பார். கோடு உயராது. அவரோ தன்னால் முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொள்வார். உண்மையில் அவரை மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பயோஃபீட்பேக் செய்கிற எவருக்கும் இந்த ஒரு பாடம் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி சான்றிதழின் குறைகளுக்கு வருவோம். முதல் குறை தொடர்கல்வியில் இருக்கிறது. பிசிஐஏ சான்றிதழை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான தேவைகளில் பெரும்பகுதி, அங்கீகாரம் பெற்ற வகுப்புகளிலும் கருத்தரங்குகளிலும் சேர்த்த மணிக்கணக்கு. நுழைவாயிலில் மேற்பார்வையை உயிர்நாடியாக வைத்த அமைப்பு, உள்ளே வந்த பிறகு அதைக் கட்டாயமாக்காமல் விடுகிறது. முதல் 50 அமர்வுகளை வழிகாட்டி பார்த்தார். ஐந்தாவது ஆண்டில் நடக்கும் ஐந்நூறாவது அமர்வை யார் பார்க்கிறார்கள்? தவறான பழக்கங்கள் ஊறுவது அந்தக் காலத்தில்தான். இது பிசிஐஏயின் குறை மட்டும் இல்லை. நம் நாட்டில் மருத்துவர்கள் ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கச் சேர்க்கும் சிபிடி எனும் தொடர்கல்விப் புள்ளிகள் மீதும் இதே கேள்வியை எழுப்பலாம். ஒரு விரிவுரையில் அமர்ந்ததற்குப் புள்ளி தருவது எளிது. அந்த விரிவுரையால் மறுநாள் சிகிச்சை மாறியதா என்று பார்ப்பது கடினம். எளிதானதை மட்டும் அளந்துகொண்டே இருந்தால், தொடர்கல்வி ரசீது சேர்க்கும் வேலையாகிவிடும்.

இரண்டாவது குறை, இந்தச் சான்றிதழ் தாமாக முன்வந்து பெறுவது. பெற்றவர் நெறி தவறினால் அமைப்பு அதைப் பறிக்கலாம். பறித்த மறுநாளும் அவர் கடையைத் திறந்து வைத்திருப்பதை அதனால் தடுக்க முடியாது. சட்டம் 774-இன் கீழ்ப் பதிந்த மருத்துவ உளவியலாளர் மீதோ, 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிந்த ஆலோசகர் மீதோ புகார் கொடுக்க நாட்டுக்குள்ளேயே ஒரு மன்றம் இருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் மீது போர்ட் கிள்ளானில் இருக்கும் ஓர் அம்மா எங்கே போய்ப் புகார் செய்வார்?

மூன்றாவது குறை, பெயர்க் குழப்பம். பயோஃபீட்பேக் என்ற சொல்லுக்குள் எதையும் நுழைத்துவிடலாம். இபிஎஃப்எக்ஸ் என்ற கருவி பயோஃபீட்பேக் என்ற பெயரில்தான் அமெரிக்காவில் புழங்கியது. நோய்களைக் கண்டறிந்து குணப்படுத்தும் என்று சொல்லியே அதை விற்றார்கள். 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. கையில் ஒரு கம்பியைப் பிடித்தால் ஈரல், சிறுநீரகம், எலும்பு எல்லாவற்றின் நிலையையும் அச்சடித்துத் தருவதாகச் சொல்லும் ‘குவாண்டம்’ பெட்டிகள், ஊட்டச்சத்து விற்பனைக் கூட்டங்களில் நம் ஊரிலும் தலைகாட்டுகின்றன. உண்மையான பயோஃபீட்பேக் நோயைக் கண்டுபிடித்துச் சொல்வதே இல்லை. உங்கள் உடலின் ஒரு சைகையை உங்களுக்குக் காட்டி, அதை நீங்களே மாற்றப் பழக்குவதோடு அதன் வேலை முடிகிறது. இந்த எல்லைக்கோட்டை மக்களுக்குப் புரியவைக்கும் பொறுப்பைச் சான்றளிக்கும் அமைப்புகள் போதிய அளவு ஏற்கவில்லை.

இதோடு சேர்ந்தது இரண்டு நாள் பயிற்சிகளின் சிக்கல். மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் நிதியைக் கொண்டு முதலாளிகள் ஊழியர்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சிகள் ஏற்பாடு செய்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அங்கே கிடைப்பது கலந்துகொண்டதற்கான தாள். அதை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்து ‘சான்றிதழ் பெற்றவர்’ என்று விளம்பரம் செய்தால், 50 அமர்வுகளை வழிகாட்டியின் கண்முன் நடத்தியவருக்கும் இவருக்கும் வித்தியாசம் பொதுமக்களுக்கு எப்படித் தெரியும்?

நான்காவது, எட்டாத தூரம். தேர்வுக் கட்டணமும் மேற்பார்வைக் கட்டணமும் டாலரில். ரிங்கிட்டில் சம்பாதிக்கும் இளம் ஆலோசகருக்கு அது பெரிய தொகை. பாடத்திட்டம் அமெரிக்கச் சிகிச்சையறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒருவருக்கு, தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்துவிட்ட ஒரு பாட்டிக்கு, தமிழில் விளக்கி நம்பிக்கை ஊட்டும் திறமையை அந்தத் தேர்வு அளப்பதில்லை.

கட்டுப்பாட்டை இறுக்கினால் இருக்கிற சிலரும் போய்விடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. அரசு மருத்துவமனைகளில் உளவியல் சேவைக்குக் காத்திருப்போர் பலர். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நிதானமாகச் சுவாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒவ்வொருவருக்கும் முனைவர் பட்டம் தேவையில்லை. எல்லாரையும் ஒரே உரிமத்துக்குள் அடைப்பதைவிட, இரண்டு படிகளாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதல் படி, கருவியை இயக்கும் உதவியாளர். இவருக்கு 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு தொழில்திறன் தரத்தை வகுத்து, எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கலாம். ஸ்பா சிகிச்சைக்கே அப்படியொரு தரம் இருக்கும்போது இதற்கு முடியாதா? பிரிக்ஃபீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் மசாஜ் பயிற்சி அளித்து வருகிறது. கையைப் பிடித்துக் கற்றுத்தரும் தொழிற்பயிற்சிக்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறது. இரண்டாவது படி, நோய்க்குச் சிகிச்சை அளிப்பவர். இவர் சட்டம் 774-இன் கீழோ ஆலோசகர் சட்டத்தின் கீழோ மருத்துவச் சட்டத்தின் கீழோ ஏற்கெனவே பதிந்தவராக இருக்க வேண்டும். பயோஃபீட்பேக் சான்றிதழ் அந்த அடிப்படைத் தகுதியின் மேல் ஏறும் கூடுதல் திறமையாக இருக்கட்டும். அடிப்படைத் தகுதிக்கு மாற்றாக அது ஒருநாளும் ஆகக்கூடாது.

தொடர்கல்வியையும் இப்படியே திருத்தலாம். புதுப்பிக்கும் காலத்துக்குள் சில அமர்வுகளின் பதிவை, பெயர் நீக்கி, சக பயிற்சியாளர்கள் முன் வைத்து விமர்சனம் பெற வேண்டும் என்று விதித்தால் போதும். பலன் தராமல் போன ஒரு சிகிச்சை கட்டாயம் அதில் இருக்க வேண்டும். கோலாலம்பூர், கிள்ளான், ஷா ஆலம் மூன்றுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை பத்துப் பேர் கூடினால் இது நடக்கும். டாலர் தேவையில்லை. தமிழிலும் மலாயிலும் பேசலாம்.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. பயோஃபீட்பேக் சான்றிதழ் பெறத்தக்கது. மேற்பார்வையில் பழகிய கையை வேறு எந்தத் தாளும் உறுதி செய்வதில்லை. ஆனால் சட்டப் பதிவு இல்லாத இடத்தில் அது தனியாக நின்று மக்களைக் காக்காது. மணிக்கணக்கை மட்டும் எண்ணும் தொடர்கல்வி அதன் மதிப்பை ஆண்டுதோறும் தேய்த்துக்கொண்டே வரும். சீர்திருத்தம் வரும்வரை வாசகர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை யாராவது உங்கள் விரலில் சென்சார் ஒட்ட வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தச் சட்டத்தின் கீழ் நீங்கள் பதிந்திருக்கிறீர்கள்? யாருடைய மேற்பார்வையில் எத்தனை அமர்வுகள் பழகினீர்கள்? இந்தப் பயிற்சி எனக்குப் பலிக்கவில்லை என்றால் எப்போது, யாரிடம் என்னை அனுப்புவீர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் நம்பி உட்காருங்கள். வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.