கழிந்தவரும் ஒழிந்தவரும் ஒருவரே: புறநானூறு 243ஆம் பாடலில் கையறுநிலை

ஆய்வுச் சுருக்கம்

இறந்தோரை நினைந்து இருப்போர் வருந்துவது கையறுநிலை. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்று 243ஆம் பாடலில் இறந்தவராக எவரும் சுட்டப்படவில்லை. எனினும் அப்பாடல் அத்துறையிலேயே வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்பின் பொருத்தத்தைப் பாடலின் தொடரமைப்பு, காட்சியமைப்பு ஆகியவற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, கையறுநிலை, பொதுவியல், நினைவு, முதுமை

முன்னுரை

சங்கப் புறப்பாடல்களில் சாவு பெரும்பாலும் பிறருடைய சாவாகவே பேசப்படுகிறது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்த பின்னும் பூத்த முல்லையைக் குடவாயிற் கீரத்தனார் நொந்துகொள்கிறார் (புறம். 242). தந்தையையும் குன்றையும் இழந்த துயரைப் பாரி மகளிர் நிலவொளியில் நின்று உரைக்கின்றனர் (புறம். 112). இவற்றைப் போலவே 243ஆம் பாடலும் பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஆயின் அதில் மன்னனும் இல்லை, வள்ளலும் இல்லை. முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார்.

துறை வரையறையும் பாடலும்

தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித்திணையில் வைத்து, கழிந்தோர் பொருட்டு ஒழிந்தோர் புலம்புவதைக் கையறுநிலை என்கிறது. எனவே இத்துறைக்குப் போனவர், எஞ்சியவர் என இரு தரப்பினர் வேண்டும். இளமை நிலையாமை கூறும் பாடலாக மட்டும் கொண்டால், 243ஐப் பெருங்காஞ்சியில் அடக்குவதே பொருந்தும் எனலாம். ஆனால் பெருங்காஞ்சி நிலையாமையை உலகிற்கு எடுத்துரைப்பது. இப்பாடலின் முதியவர் எவருக்கும் எதையும் அறிவுறுத்தவில்லை; இளமை எங்கே இருக்கிறதோ என்று வினவுகிறார்.

இவ்வினா இரங்கற்பாடல்களுக்கு உரியது. அதியமான் அஞ்சியை இழந்த ஔவையார், அவன் செயல்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லி, அவன் எங்கே உள்ளானோ எனக் கேட்கிறார் (புறம். 235). அதே வாய்பாட்டில் அமைந்த வினாவே 243இல் இளமையை நோக்கி எழுப்பப்படுகிறது. உயர்திணை வினா அஃறிணையாக மாறியதே வேறுபாடு. வள்ளலின் இடத்தில் இளமை நிற்கிறது; புலவரின் இடத்தில் முதியவர் நிற்கிறார். கழிந்தவரும் ஒழிந்தவரும் இங்கே ஒருவரே.

நினைவின் தொடரமைப்பு

பதினான்கு அடிகள் கொண்ட இப்பாடலில், நினைக்குந்தோறும் எழும் இரக்கம் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பின்னர் வரும் செயல்கள் எச்சங்களாகவே தொடர்கின்றன. மணற்பாவைக்குப் பூச்சூட்டி, நீராடும் மகளிரொடு கைகோத்து, மருதமரத்தின் தாழ்ந்த கிளையேறி, கரையிலுள்ளோர் வியக்க மடுவில் பாய்ந்து, மூழ்கி மணலெடுத்த இளமை எனப் பத்தாம் அடியில்தான் அவை ஒரு பெயரைச் சென்றடைகின்றன. நினைவுக்குள் ஒரு வினைமுற்றும் இல்லை. நிகழ்ந்து முடிந்தவை எனினும், சொல்லும் முறையில் அவை முடிவதில்லை.

இறுதி அடிகளில், இருமலுக்கு இடையே சில சொற்களே பேச வல்லவராக முதியவர் தம்மைக் காட்டுகிறார். அத்தகையவர் இளமையை மட்டும் இடையறாத ஒரே தொடரில் சொல்லி முடித்திருக்கிறார் என்பது அப்போதுதான் புலனாகிறது. உடல் நடுங்குகிறது, நினைவு நடுங்கவில்லை.

கையும் மணலும்

கையறுதல் என்பது செயலறுதல். இப்பாடலில் கைகளின் செயல்களே இளமையை உணர்த்துகின்றன. தோழியரின் கையைப் பற்றியதும், ஆழத்து மணலை அள்ளியதும் அக்கைகளே. முதுமையில் அவற்றுக்கு எஞ்சியது ஊன்றிய தண்டு ஒன்றே. நினைவு மணலில் தொடங்கி மணலிலேயே முடிவதும் கருதத்தக்கது. பாவை செய்த கரைமணலும் மடுவின் அடிமணலும் அவ்விளமையின் இரு எல்லைகளாகின்றன.

ஒளிவுமறைவறியாத அந்தத் தோழமைக் கூட்டம் என்னவாயிற்று என்பதைப் பாடல் சொல்லவில்லை. வினா இளமையை மட்டுமே தேடுகிறது. உடன் ஆடியோரைப் பற்றிய இந்த மௌனத்தில் சாவின் நிழல் படிந்திருக்கிறது.

முடிவுரை

துறைக்குறிப்பைத் தொகுப்பின் புற அடையாளமாக மட்டும் கருதினால், 243ஆம் பாடல் முதுமையின் ஏக்கமாகச் சுருங்கிவிடும். துறையோடு சேர்த்து வாசிக்கையில், ஒருவர் தம் இறப்புக்கு முன்பே தமக்காகப் பாடிய இரங்கற்பாவாக அது விரிகிறது. பிறர் சாவைப் பாடுதற்கு அமைந்த மரபு தன்னை நோக்கித் திரும்பக்கூடியது என்பதற்கு இப்பாடல் சான்றாகிறது.